போலோ ஜிடி காருக்கு எடை குறைந்த 17 அங்குல அலாய் வீல் மாட்டலாமா? மலைப்பாதையில் ஓட்டுபவருக்கு எது சரி?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: குன்னூரில் வசிக்கிறீர்கள், ஒருவர் ஓட்டிய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியிருக்கிறீர்கள், எடை குறைந்த அலாய் வீல் மாட்ட ஆசைப்படுகிறீர்கள், கடைக்காரர் 17 அங்குலம் போடச் சொல்கிறார். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 17 வேண்டாம். கம்பெனி கொடுத்த 16 அங்குலத்தையும் விட்டு 15-க்கு இறங்குங்கள்.

"நான் பதினேழு போட்டு வருடக்கணக்காக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று இதற்குக் கீழே எழுத வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் கோவையின் சமதளமான அவிநாசி சாலையில் ஓட்டுகிறவர்கள். அங்கே ஓட்டுவதற்கு 17 அங்குலம் தவறு என்று நான் சொல்லவில்லை. நான் கோத்தகிரிக்கு அருகில் அரவேணு பக்கத்துக்காரன். கோவையில் உலோகம் வார்க்கும் பவுண்டரி ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. வாரம்தோறும் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன். உங்களிடம் இருக்கும் அதே கார்தான் என்னிடமும்: 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன். ஆகவே இது வீடியோ பார்த்து எழுதும் பதில் அல்ல.

எடையைப் பற்றி முதலில் ஒரு விஷயம். "சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் காரில் எட்டுக் கிலோ குறைத்த மாதிரி" என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படி ஒரு நிலையான கணக்கு கிடையாது. சக்கரம் முன்னேயும் நகர வேண்டும், சுழலவும் வேண்டும். அதனால் வேகமெடுக்கும்போது அதன் வெளி ஓரத்தில் இருக்கும் எடை ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கணக்கில் வரும். உச்சம் அவ்வளவுதான். சக்கரத்தை நடுவில் தாங்கும் ஹப்புக்கு அருகில் இருக்கும் எடைக்கு அந்தக் கூடுதலும் சொற்பமே. எனவே நான்கு சக்கரத்திலும் சேர்த்துப் பன்னிரண்டு கிலோ குறைத்தாலும், இருபத்து நான்கு கிலோ மூட்டை ஒன்றை டிக்கியிலிருந்து இறக்கி வைத்த அளவுக்குக்கூட வேகம் கூடாது.

பிறகு எதற்குச் செலவு? உண்மையான பலன் வளைவில் இருக்கிறது. சக்கரம், டயர், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. கொண்டை ஊசி வளைவின் உட்பக்கத்தில் தார் பெயர்ந்து சல்லி தெரியுமே, அந்த இடத்தில் கனமான சக்கரம் எம்பினால் தரையைத் தொட நேரம் பிடிக்கும். இலகுவான சக்கரத்தை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் உடனே தரைக்குக் கொண்டுவந்துவிடும். டயர் தரையில் இருக்கும் நேரம்தான் பிடிப்பு. மழைக்காலத்தில் கோத்தகிரி மலைப்பாதையில் குஞ்சப்பனைப் பக்கம் ஓட்டியிருந்தால் இதை நான் விளக்கவே வேண்டாம்.

இப்போது ஏன் 15 என்பதற்கு வருகிறேன். நம் காரின் பிந்தைய மாடல்களுக்குக் கம்பெனி அளவு 195/55 ஆர்16; அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். டயரின் பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர். 17 அங்குலத்துக்கு வழக்கமாகப் போடும் 205/45 டயரில் அது 92-க்குச் சுருங்கிவிடும். 15 அங்குலத்தில் 195/60 போட்டால் 117 கிடைக்கும். மொத்த விட்டம் 621-லிருந்து 615 மில்லிமீட்டருக்குத்தான் மாறும். ஸ்பீடோமீட்டரில் ஒரு சதவீத வித்தியாசம். பனிமூட்டத்தில் பள்ளம் தெரியாமல் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்தப் பக்கச்சுவர்தான். குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தை அரைகுறையாக மூடிவிட்டுப் போகிற ஊரில் வாழ்கிறோம். அந்தக் காய்ந்த சிமென்ட் விளிம்பில் மோதி வளைந்த ரிம்களை எங்கள் ஊர் பஞ்சர் கடை வாசலில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலானவை பெரிய ரிம்கள்தான்.

கடைக்குப் போன கதையைச் சொல்கிறேன், அதில்தான் விஷயமே இருக்கிறது. கோவையில் பெரிய கடை ஒன்று. பெயர் வேண்டாம். சுவர் முழுக்க வீல்கள். ஆறு ஸ்போக் கொண்ட ஒரு 17 அங்குல வீலை எடுத்துக் காட்டி, "இது ஜப்பான் மாடல் சார், முழுக்க லைட் வெயிட்" என்றார் கடைக்காரர். அந்த வடிவம் எனக்குத் தெரியும். ஜப்பானின் ரேஸ் (Rays) என்ற வீல் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட டிஇ37 வீலின் வடிவம் அது. அசல் சக்கரம் ஃபோர்ஜிங் முறையில், அதாவது உலோகக் கட்டியை அழுத்திச் செய்யப்படுவது; 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் கொண்ட அசல் வீலின் எடை 3.7 கிலோ. கடையில் இருந்தது அதைப் பார்த்து வார்த்த நகல்.

எங்கள் வீட்டில் தேயிலை மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று இருக்கிறது. கைப்பிடி, கீழே கொக்கி, நடுவில் சிவப்பு எண்கள் ஓடும் சின்னப் பெட்டி. அதைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வீலின் நடுத்துளை வழியாகக் கயிற்றைக் கோத்துத் தூக்கினேன். பத்தரைக் கிலோவைத் தாண்டி நின்றது. என் காரின் கம்பெனி வீலையும் டயரிலிருந்து கழற்றச் சொல்லி நிறுத்தேன். ஒன்பதுக்குச் சற்று மேல். "எடை குறைந்தது" என்று சொல்லி விற்கும் பொருள் பழையதைவிட ஒன்றரைக் கிலோ அதிகம்!

கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "வீலை யாராவது நிறுத்துப் பார்த்து வாங்குவார்களா, தம்பி?" என்றார்.

"இலையையே நிறுத்துப் பார்த்துத்தான் கொடுப்போம், அண்ணா. காசு கொடுத்து வாங்குவதை நிறுக்காமல் விடுவோமா?" என்றேன்.

இதை எழுதும்போதே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் இந்தக் காரை வைத்திருப்பதைப் பார்த்து, "தேயிலைக்கு விலை இல்லை என்று உண்ணாவிரதம் இருக்கிறீர்கள், வீட்டில் இப்படி ஒரு காரா?" என்று கேட்டவர்கள் உண்டு. இந்தத் தளத்திலும் கேட்பார்கள். கார் என் சம்பளத்தில் வாங்கியது. ஒரு ஏக்கருக்கும் குறைவான தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் பறிக்கும் இலையில் உர விலையும் பறிப்புக் கூலியும் போக என்ன மிஞ்சும் என்பதைக் கேட்பவர்கள் ஒரு மாதம் எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். மழை நாளில் இலை வாங்குபவர்கள் ஈரம் என்று மூட்டைக்கு இவ்வளவு கழிப்பார்கள். வெயில் நாளில் முற்றிய இலை என்று கழிப்பார்கள். அந்தக் கழிவைத் தட்டிக் கேட்பதற்காகத்தான் அப்பா அந்தத் தராசை வாங்கினார். சிறு விவசாயியின் மகன் நல்ல சக்கரம் மாட்டினால் அந்த விவசாயி இலைக்குக் கேட்கும் குறைந்தபட்ச விலை நியாயமில்லாமல் போய்விடுமா? விவசாயி வீட்டில் எல்லோரும் கிழிந்த சட்டையோடு இருந்தால்தான் அவர் கோரிக்கையை நம்புவீர்களா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எடை குறைவு என்பது எப்படிக் குறைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. நான் தினமும் வார்ப்படத்தை வெட்டிப் பார்க்கிறவன். உருகிய அலுமினியம் அச்சில் இறங்கி உறையும்போது வாயுக் குமிழும் சுருக்கத் துளையும் உள்ளே தங்கும். கண்ணுக்குத் தெரியாது, மேலே பூசிய பெயின்டில் எல்லா வீலும் அழகுதான். அதனால்தான் சாதாரண வார்ப்பு வீலைத் தடிமனாகச் செய்கிறார்கள். தடிமனைக் குறைத்து மலிவாக வார்த்த வீல் பள்ளத்தில் விழுந்தால் வளையாது, விரிசல் விடும். ஃப்ளோ ஃபார்மிங் என்பது வேறு: வார்த்த வீலின் வெளி வளையத்தைச் சூடாக்கி, உருளைகளால் அழுத்தி நீட்டி மெல்லியதாக்குவார்கள். உலோகம் நெருங்கி உறுதியாகும், எடையும் குறையும், அதுவும் குறைய வேண்டிய வெளி ஓரத்தில் குறையும். ஃபோர்ஜிங் என்பது முழு அலுமினியக் கட்டியை ராட்சத பிரஸ்ஸில் அழுத்தி உருவாக்குவது; எல்லாவற்றிலும் உறுதி அதிகம், விலையும் அப்படியே. நம் காருக்கும் நம் சாலைக்கும் நல்ல ஃப்ளோ ஃபார்ம் வீல் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. நான் வாங்கியது 15 அங்குலம், ஆறரைக் கிலோவுக்குள்.

வீலின் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகள் ஜப்பானியத் தரத்துக்கானவை. நம் நாட்டில் விற்கும் வீலில் ஐஎஸ்ஐ முத்திரையையும் கேளுங்கள். அங்கேயே அதிகபட்சச் சுமை கிலோவில் பொறித்திருக்கும். உங்கள் காரின் அச்சுச் சுமையில் (முன் அல்லது பின் இரு சக்கரங்கள் சேர்ந்து தாங்கும் பாரம்) பாதியைவிட அது அதிகமாக இருக்க வேண்டும். கொண்டை ஊசியில் நான்கு பேரோடு இறங்கும்போது வெளிப்பக்க முன்சக்கரம் தாங்கும் பாரம் இந்தப் பாதியைத் தாண்டிவிடும். அதனால் எல்லைக் கோட்டில் இருக்கும் எண்ணை வாங்காதீர்கள்.

அடுத்தது பொருத்தம். போலோவின் பிசிடி 5×100, அதாவது 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட் துளைகள்; நடுத்துளை 57.1 மில்லிமீட்டர். வெளியில் விற்கும் வீல்களில் நடுத்துளை பெரும்பாலும் 73.1 இருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் கண்டிப்பாக வேண்டும், இல்லையென்றால் வீல் ஹப்பின் மையத்தில் உட்காராது. எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் ஸ்டீயரிங் அதிரும். ஆஃப்செட், அதாவது வீல் ஹப்பில் உட்காரும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற எண், கம்பெனி எண்ணுக்கு அருகிலேயே இருக்கட்டும். வீல் வெளியே தள்ளி நின்றால் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், உண்மைதான். ஆனால் பேரிங் தேயும், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இருக்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் போல்ட். ஃபோக்ஸ்வாகன் போல்ட்டின் தலைக்கு அடியில் பந்து மாதிரி உருண்ட வடிவம் இருக்கும். வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலும் கூம்பு வடிவக் குழி. அதே கடையில் பையன் என் பழைய போல்ட்டையே புது வீலில் ஏற்றி, போல்ட்டை முடுக்கும் இம்பாக்ட் கன்னை வைக்கப் போனான். நிறுத்தச் சொன்னேன். உருண்டை கூம்பில் உட்கார்ந்தால் ஒரு மெல்லிய வட்டக் கோட்டில்தான் தொடும். இறுக்கியது நிற்காது, மெல்ல மெல்லத் தளரும். "இப்படித்தான் எல்லோருக்கும் மாட்டுகிறோம்" என்று பதில் வந்தது. அந்த "எல்லோரும்" ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்குகிறார்களா என்று கேட்டேன். கூம்புத் தலை எம்14×1.5 போல்ட் வரவழைத்து, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். நூறு கிலோமீட்டருக்குள் மறுபடியும் சரிபாருங்கள்.

மாட்டிய பிறகு என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் கொஞ்சம் சுறுசுறுப்பு, அவ்வளவுதான். உடைந்த வளைவுகளில் காரின் முன்பக்கம் தடுமாறாமல் நான் திருப்பிய வழியில் போகிறது. அதற்காகவே கொடுத்த பணம் தகும். ஆனால் பிரேக் சூடு குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1500 மீட்டர் இறக்கம். ஆயிரம் கிலோவைத் தாண்டிய காரில் பன்னிரண்டு கிலோ குறைந்து என்ன ஆகப்போகிறது? ஸ்போக் இடைவெளி பெரிதாக இருந்தால் காற்றுப் போகும், அது நல்லது. மற்றபடி டிஎஸ்ஜி எனும் தானியங்கி கியரை மேனுவலில் போட்டு, ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் வீல் மாற்றியதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காத பொருளுக்கு அவர்கள் பணம் தர மாட்டார்கள். இன்னொன்று: உங்கள் ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு வீல்தான். அதற்குப் புதுக் கூம்பு போல்ட் சேராது, பழைய உருண்டைத் தலை போல்ட்தான் வேண்டும். கழற்றியவற்றில் ஐந்தை ஒரு துணிப்பையில் கட்டி ஸ்டெப்னிக்குள்ளேயே போட்டு வையுங்கள். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாரில் இரவு பத்து மணிக்குப் பஞ்சரானால் அந்த ஐந்து போல்ட் எந்தக் கடையிலும் கிடைக்காது.