இன்ஸ்பெக்‌ஷன் தள்ளிப் போனதா, ரத்தானதா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிக்கும் வேலையில், இருக்கிறேனுங்க. காலருக்கான ரிப் துணி சாயப்பட்டறையிலிருந்து லேட்டாக வந்ததால் பேக்கிங் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை நடக்க வேண்டிய, சரக்கைக் கடைசியாகச் சோதிக்கும் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனை வியாழனுக்கு மாற்றினோம். பையருக்கு, அதாவது சரக்கை வாங்குகிறவருக்கு, "வீ ஹேவ் கால்ட் ஆஃப் தி இன்ஸ்பெக்‌ஷன் டு தர்ஸ்டே" என்று மெயில் போட்டேன். "ஆர்டரே கேன்சலா?" என்று கேட்டு உடனே பதில் வந்துவிட்டது. ‘புட் ஆஃப்’ என்று எழுதியிருக்க வேண்டும் என்கிறார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது? ‘புட் ஆஃப் இட்’ சரியா, ‘புட் இட் ஆஃப்’ சரியா?

பதில்: பையர் பதறியதில் தப்பில்லை அம்மணி. ‘கால் ஆஃப்’ என்றால் கைவிடுவது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு ஸ்ட்ரைக் செய்வார்கள், பேச்சுவார்த்தையில் முடிவு வந்ததும் வாபஸ் வாங்குவார்கள். அந்த வாபஸுக்கு ஆங்கிலத்தில் ‘கால் ஆஃப்’. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப் போடுவது. வேலை நடக்கும், ஆனால் அப்புறம் நடக்கும்.

இரண்டையும் பிரித்து நினைவில் வைக்க 2020-ஆம் ஆண்டு போதும். கொரோனாவால் டோக்கியோ ஒலிம்பிக்ஸை ஒரு வருஷம் தள்ளி வைத்தார்கள், அது 2021 ஜூலை, ஆகஸ்டில் நடந்தது. ஆகவே அது புட் ஆஃப். அதே 2020-இல் விம்பிள்டன் டென்னிஸை ரத்தே செய்துவிட்டார்கள், அந்த வருஷத்துப் போட்டி நடக்கவே இல்லை. ஆகவே அது கால்ட் ஆஃப். உங்கள் மெயிலில் ‘கால்ட் ஆஃப்’ என்று ரத்தையும் சொல்லி, ‘டு தர்ஸ்டே’ என்று புது நாளையும் சொல்லியிருக்கிறீர்கள். படிப்பவர் எதை நம்புவார்?

‘ஆஃப்’ இரண்டிலும் இருக்கிறதே, பொருள் ஏன் இப்படி மாறுகிறது என்று என் மாணவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ‘புட்’டுக்கு ஒரு பொருள், ‘ஆஃப்’புக்கு ஒரு பொருள் என்று தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் விடை வராது. 1755-இல் வெளிவந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வேற்று மொழிக்காரர்களை ஆங்கிலத்தில் மிகவும் திணறடிப்பது இந்த வகைச் சொற்கள்தான் என்று எழுதியிருக்கிறார். ஆனால் நமக்கு இது முற்றிலும் புதிதும் இல்லை. ‘கண்டுபிடி’ என்பதில் நாம் காண்பதையும் பிடிப்பதையும் தனியாக நினைப்பதில்லை. ‘விட்டுக்கொடு’ என்பதில் யாரும் எதையும் கையில் கொடுப்பதில்லை. நம் ஊர்ப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள்: "சாப்பிட்டுப்போட்டு வரேனுங்க" என்கிறோம். அந்தப் ‘போட்டு’ எதைப் போட்டது? ‘தள்ளிப் போடு’ என்பதிலும் ‘போடு’ அதே மாதிரிதான். ஆங்கிலத்து ‘புட்’டும் போடுவதுதான் என்பது உங்களுக்கு வசதி. ‘புட் ஆஃப்’ என்பதைத் ‘தள்ளிப் போடு’ என்று ஒரே சொல்லாக மனதில் ஏற்றுங்கள்.

சரி, ‘இட்’ எங்கே வரும்? நடுவில்தான். "புட் இட் ஆஃப்" சரி, "புட் ஆஃப் இட்" தப்பு. பெயருக்குப் பதிலாக வரும் இட், தெம் போன்ற சொற்கள் எப்போதும் நடுவில்தான் உட்காரும். பெயராக இருந்தால் இரண்டு இடமும் சரி: "வீ புட் ஆஃப் தி இன்ஸ்பெக்‌ஷன்" என்றும் எழுதலாம், "வீ புட் தி இன்ஸ்பெக்‌ஷன் ஆஃப்" என்றும் எழுதலாம். பெயர் நீளமாக இருந்தால், ‘செகண்ட் லாட் டி-ஷர்ட் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்’ மாதிரி, கடைசியில் வையுங்கள். நடுவில் திணித்தால் ‘ஆஃப்’ வந்து சேர்வதற்குள் படிப்பவர் ‘புட்’டை மறந்துவிடுவார். தமிழிலும் "தள்ளித்தான் போட்டோம்", "தள்ளியும் போட்டாச்சு" என்று நடுவில் ஒட்டு விடுகிறோம். ஒரு சொல்லுக்குள் இடைவெளி விடும் பழக்கம் நமக்கும் உண்டு.

நான் அதிகம் திருத்தும் தப்பு வேறு ஒன்று. "தி இன்ஸ்பெக்‌ஷன் ஹேஸ் புட் ஆஃப்" என்று எழுதுகிறார்கள். தமிழில் ‘தள்ளிப் போடு’, ‘தள்ளிப் போ’ என்று இரண்டு சொல் இருப்பதால் வருகிற தப்பு இது. நாம் இன்ஸ்பெக்‌ஷனைத் தள்ளிப் போடுகிறோம், இன்ஸ்பெக்‌ஷன் தள்ளிப் போகிறது. ஆங்கிலத்து ‘புட் ஆஃப்’ முதல் வேலையை மட்டும் செய்யும். ‘தள்ளிப் போனது’ என்று சொல்ல ‘பீன்’ வேண்டும்: "தி இன்ஸ்பெக்‌ஷன் ஹேஸ் பீன் புட் ஆஃப்." அந்த ஒரு ‘பீன்’ விட்டுப்போனால், இன்ஸ்பெக்‌ஷனே வேறு எதையோ தள்ளிப் போட்டது போல வாக்கியம் பாதியில் நிற்கும். தாமத மெயிலில் யார் தள்ளினார்கள் என்று சொல்லாமல் நகர்வதற்கும் இந்த அமைப்பு பொருத்தம். ஆனால் காரணத்தை மறைக்காமல் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பையர் அதைத்தான் முதலில் தேடுவார்.

புது நாளைச் சொல்ல ‘அன்டில்’ போடுங்கள்: "புட் ஆஃப் அன்டில் தர்ஸ்டே". எத்தனை நாள் என்று சொல்ல ‘ஃபார்’: "புட் ஆஃப் ஃபார் டூ டேஸ்". இறந்த காலத்திலும் ‘புட்’தான், ‘புட்டட்’ இல்லை. ‘யெஸ்டர்டே’ என்று நாளைக் குறிப்பிட்டால் ‘ஹேஸ் பீன்’ வேண்டாம், ‘வாஸ்’ போதும்.

ஒரு செயலையே தள்ளிப் போட்டால் பின்னால் ‘இங்’ வரும். ஈரோட்டில் மஞ்சள் விலை ஏறட்டும் என்று மூட்டையை குடோனில் வைத்துக் காத்திருக்கும் விவசாயியைச் சொல்ல: "ஹி புட் ஆஃப் செல்லிங் ஹிஸ் டர்மரிக்." இங்கே ‘டு செல்’ வராது. உங்கள் வேலையில் இது "வீ புட் ஆஃப் சென்டிங் தி சாம்பிள்ஸ்" என்று வரும்.

ஆளைச் செயப்படுபொருளாக வைக்கும்போது மட்டும் ரொம்பக் கவனம். "வீ புட் தி பையர் ஆஃப்" என்றால் அவருக்குச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தோம் என்றோ, அவருக்கு வெறுப்பு வரும்படி நடந்தோம் என்றோ பொருள் போகும். "தி ஸ்மெல் புட் மீ ஆஃப்" என்றால் அந்த வாடையால் எனக்குப் பிடிக்காமல் போயிற்று என்று அர்த்தம். ஆகவே வேலையைத் தள்ளுங்கள், ஆளைத் தள்ளாதீர்கள்.

ஒருநாள் முன்னதாக நடத்த வேண்டி வந்தால் நம் ஆபீஸ்களில் ‘பிரிபோன்’ என்று எழுதுகிறார்கள். இந்தியாவில் அது எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டுப் பையருக்குப் புரியாமல் போகலாம். ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்று எழுதுங்கள். போனில் பேசும்போது ‘புட் இட் ஆஃப்’ என்பதில் அழுத்தத்தை ‘ஆஃப்’ மேல் வையுங்கள். ‘புட்’டை அழுத்தினால் ‘ஆஃப்’ காதில் விழாமல் போய்விடும்.

பையருக்கு இன்றைக்கே இப்படி ஒரு மெயில் போட்டுவிடுங்கள்: "சாரி ஃபார் தி கன்ஃபியூஷன். தி ஆர்டர் இஸ் நாட் கேன்சல்ட். தி ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஹேஸ் பீன் புட் ஆஃப் அன்டில் தர்ஸ்டே, பிகாஸ் தி ரிப் ஃபேப்ரிக் ரீச்ட் அஸ் லேட். வீ வில் நாட் புட் இட் ஆஃப் அகெய்ன்." கடைசி வாக்கியத்தை மட்டும், வியாழனுக்குள் பேக்கிங் முடியும் என்று ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் கேட்டு உறுதி செய்தபின் சேருங்கள்.