அப்டேட்டுக்கு அப்புறம் விண்டோஸ் திறக்கவே மாட்டேங்குது, மொத்தமா அழிச்சிட்டு புதுசா போட்டுடலாமா?

நீங்க கேட்டிருக்கறது இதுதானே: ராத்திரி ஷட்டவுன் பண்ணும்போது அப்டேட் ஓடுச்சு, காலைல ஆன் பண்ணா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, அப்புறம் நீல ஸ்கிரீன், திரும்ப ரீஸ்டார்ட், திரும்ப வட்டம். விண்டோஸ் 11. பேக்கப் எதுவும் இல்ல. ஃபார்மேட் அடிச்சு புதுசா போட்டுடலாமா?

வேணாம். கடைசில அங்கதான் போய் நிக்கணும்னாலும் இன்னைக்கு வேணாம், அதுவும் கடுப்புல இருக்கும்போது சத்தியமா வேணாம். மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்தின கதைன்னு சொல்வாங்கல்ல, நான் அதை நிஜமாவே செஞ்சவன்.

சில வருஷம் முன்னாடி என் டெஸ்க்டாப் ஒரு அப்டேட் ஓடின மறுநாள் கறுப்பு ஸ்கிரீனோட நின்னுச்சு, நடுவுல மவுஸ் அம்பு மட்டும். மணி ராத்திரி ஒன்றரை. மறுநாள் வேலை இருக்கு, ஒரு மணி நேரத்துல புதுசா போட்டு படுத்துடலாம்னு பென்டிரைவ் சொருகிட்டேன். உள்ள ரெண்டு ஹார்ட்டிஸ்க், ரெண்டுமே 1 டிபி. இன்ஸ்டாலர்ல அது எப்படி காட்டும்னா டிரைவ் 0, டிரைவ் 1, ரெண்டுக்கும் நேரா 931 ஜிபி, அவ்ளோதான், "இது போட்டோ வச்ச டிஸ்க்"னு எங்கயும் எழுதியிருக்காது. தூக்கக் கலக்கத்துல தப்பான டிரைவோட பார்ட்டிஷனை டெலீட் பண்ணி நெக்ஸ்ட் அமுக்கிட்டேன். பத்து வருஷ போட்டோ. ரெக்கவரி சாஃப்ட்வேர் வச்சு கொஞ்சம் மீட்டேன், ஃபைல் பேர் ஒண்ணும் இல்ல, நிறைய போட்டோல பாதி மேல சாம்பல் கலர் பட்டை. சுத்துற டிஸ்க்குங்கறதால அதாவது கிடைச்சது, எஸ்எஸ்டில ஃபார்மேட் அடிச்சா டிரிம்னு ஒரு விஷயம் பழைய தடத்தை சுத்தமா துடைச்சுடும், பெரும்பாலும் மீட்க ஒண்ணும் மிஞ்சாது.

இதுல கொடுமை என்னன்னா, புதுசா போட்ட விண்டோஸ் நெட்டு கிடைச்சதும் அதே கிராஃபிக்ஸ் டிரைவரை (ஸ்கிரீன்ல படம் காட்டற சாமானை ஓட்டுற குட்டி சாஃப்ட்வேர்) தானா இறக்கி போட்டுக்கிச்சு, திரும்பவும் கறுப்பு ஸ்கிரீன்! பிரச்சனையே அந்த டிரைவர்தான். சேஃப் மோடுல, அதாவது அத்தியாவசியமானதை மட்டும் வச்சு விண்டோஸ் திறக்கற முறைல, போயி அதைத் தூக்கிட்டு, அப்புறம் பழைய வெர்ஷனைப் போட்டதும் சரியாயிடுச்சு. இருபது நிமிஷ வேலை. அது யாரோட டிரைவர்னு சொல்லி இப்ப என்ன ஆகப்போகுது, விடுங்க.

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம்.

முதல்ல மெஷின்ல சொருகியிருக்கற எல்லாத்தையும் உருவுங்க. பிரிண்டர், எக்ஸ்டர்னல் டிஸ்க், டாங்கிள், கார்டு ரீடர் எல்லாம். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மட்டும் போதும். ஏதோ ஒரு யுஎஸ்பி சாமான் பூட் ஆக விடாம மறிச்சுக்கிட்டு இருக்கறது நான் பலதடவை பார்த்தாச்சு. அதே மாதிரி ஸ்கிரீன்ல சதவீதம் ஓடுற மாதிரி ஏதாவது காட்டி நின்னா உடனே பவரை பிடுங்காதீங்க, டிஸ்க் லைட்டு மின்னிக்கிட்டு இருந்தா ஒரு ரெண்டு மணி நேரம் அப்படியே விடுங்க. உங்களுக்கு நீல ஸ்கிரீன் சுத்தி சுத்தி வருதுன்னு சொல்றதால காத்திருக்கற கட்டம் தாண்டிடுச்சு. அந்த நீல ஸ்கிரீன்ல கீழ ஒரு ஸ்டாப் கோடு வரும், மொபைல்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, பின்னாடி உதவும்.

இப்ப ரெக்கவரி மெனுவுக்குள்ள போகணும். விண்டோஸ் லோகோ வந்ததும் பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அமுக்கிப் பிடிச்சு அணைங்க, திரும்ப ஆன் பண்ணி இன்னொரு தடவை அதே மாதிரி. வரிசையா ரெண்டு தடவை பூட் ஆகாம போனா அடுத்த தடவை அதுவே ரெக்கவரிக்குள்ள கூட்டிட்டு போகும். அங்க டிரபிள்ஷூட், அதுக்குள்ள அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். நமக்கு வேண்டிய சாமான் எல்லாம் அங்கதான் இருக்கு.

அங்க கீபோர்டு மவுஸ் வேலை செய்யலன்னா பதறாதீங்க, 2025 அக்டோபர் 14 அப்டேட்டுக்கு அப்புறம் ரெக்கவரி மெனுல யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செத்துப்போன கூத்து நிறைய பேருக்கு நடந்துச்சு, அக்டோபர் 20 அன்னைக்கு தனியா ஒரு அப்டேட் விட்டுத்தான் சரி பண்ணாங்க. அந்த மாதிரி மாட்டினா வேற மெஷின்ல விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் ஒண்ணு ரெடி பண்ணி அதுல பூட் பண்ணி, இன்ஸ்டால்னு போகாம ரிப்பேர்ங்கற ஆப்ஷன் வழியா உள்ள வாங்க. பென்டிரைவ் 8 ஜிபியாவது இருக்கணும், அதுல இருக்கறது எல்லாம் அழிஞ்சுடும், அதையும் பார்த்துக்கங்க.

உள்ள போனதும் 48 இலக்க நம்பர் ஒண்ணு கேட்கலாம். அதுதான் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கை பூட்டி வைக்கற விண்டோஸ் வசதியோட ரெக்கவரி கீ. "நான் பிட்லாக்கர் எல்லாம் போடவே இல்லையே"ன்னு எல்லாரும் இங்கதான் கத்துவாங்க. நீங்க போட்டிருக்க மாட்டீங்க, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வச்சு விண்டோஸ் 11 செட்டப் பண்ணியிருந்தா பல மெஷின்ல டிஸ்க் என்கிரிப்ஷன் தானாவே ஆன் ஆயிருக்கும், அதுவும் 24எச்2 வெர்ஷன்ல இருந்து இது இன்னும் பரவலா நடக்குது. மொபைல்ல அதே அக்கவுண்ட்ல லாகின் பண்ணி டிவைஸ் பக்கம் போங்க, ரெக்கவரி கீ அங்க இருக்கும். ரெண்டு மூணு கீ இருந்தா ஸ்கிரீன்ல காட்டுற கீ ஐடியோட முதல் எட்டு எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்க. ஆபீஸ் லேப்டாப்னா ஐடி ஆளுங்க கிட்ட கேளுங்க. இந்த கீ இல்லன்னா உள்ள இருக்கற ஃபைலை யாராலயும் எடுக்க முடியாது, எடுத்துத் தரேன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா, கிரவுட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனியோட அப்டேட்டால 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீல ஸ்கிரீன்ல விழுந்துச்சே. அதுக்கு மருந்து சேஃப் மோடுல போயி ஒரே ஒரு ஃபைலை டெலீட் பண்றதுதான், யாரும் ஃபார்மேட் அடிக்க வேண்டிய அவசியமே இல்ல, ஆனா இந்த கீயைத் தேடித்தான் பல ஆபீஸ்ல ஆளுங்க நாள் கணக்கா அலைஞ்சாங்க.

கீ கையில வந்தாச்சுன்னா எதையும் ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி ஃபைலை வெளிய எடுங்க. இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, தெரிஞ்சவங்க கம்மி. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து நோட்பேடுன்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி என்டர் அடிங்க. நம்ம பழைய நோட்பேடு அப்படியே திறக்கும். அதுல ஃபைல், ஓப்பன்னு போனா ஒரு குட்டி எக்ஸ்ப்ளோரர் மாதிரி விண்டோ வரும், கீழ "ஆல் ஃபைல்ஸ்"னு மாத்திக்கங்க, யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள போயி வேண்டியதை ரைட் கிளிக் பண்ணி காப்பி, எக்ஸ்டர்னல் டிஸ்க்கை சொருகி அங்க பேஸ்ட். உங்க சி டிரைவ் இங்க டி-னோ இ-னோ காட்டும், பயப்படாதீங்க, ரெக்கவரில எழுத்து மாறும். காப்பி ஓடும்போது தொங்கிப்போன மாதிரி தெரியும், சதவீதம் எல்லாம் காட்டாது, விட்டுடுங்க, ஓடும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ரெண்டையும் மறந்துடாதீங்க, நாம முக்கியமான எல்லாத்தையும் அங்கதான கொட்டி வச்சிருப்போம்.

எடுத்தாச்சா, இப்ப அந்த அப்டேட்டை கழட்டுங்க. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்னு இருக்கும், உள்ள ரெண்டு பட்டன். குவாலிட்டி அப்டேட்னா மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை வர்ற வழக்கமான அப்டேட். ஃபீச்சர் அப்டேட்னா 23எச்2-ல இருந்து 24எச்2 மாதிரி முழு வெர்ஷனே மாறுறது. மாசாமாசம் வர்றது குவாலிட்டிதான்ங்கறதால உங்களுக்கும் அதுவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதை முதல்ல கழட்டிப் பாருங்க. ஃபீச்சர் அப்டேட்டா இருந்தா சாதாரணமா 10 நாளுக்குள்ளதான் திரும்ப முடியும், அப்புறம் பழைய விண்டோஸை வச்சிருக்கற ஃபோல்டரை அதுவே அழிச்சுடும். என் அனுபவத்துல பாதிக்கு மேல கேஸ் இங்கயே முடிஞ்சுடும்.

கழட்ட முடியலன்னு சொன்னா சிஸ்டம் ரீஸ்டோர். ரீஸ்டோர் பாயிண்ட் இருந்தா அப்டேட்டுக்கு முந்தின தேதியை எடுங்க, உங்க டாக்குமெண்ட் எதையும் அது தொடாது, இடைல போட்ட சாஃப்ட்வேர், டிரைவர்தான் போகும். அதுவும் இல்லன்னா ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், 4 அமுக்குங்க, சேஃப் மோடு. சேஃப் மோடுல நல்லா திறக்குது நார்மலா மட்டும் திறக்கலன்னா விண்டோஸை விட டிரைவர் மேல சந்தேகப்படுங்க, டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ல இருந்து ஆரம்பிச்சு ரோல்பேக் பண்ணி, அதாவது முந்தின டிரைவருக்கே திரும்பிப் போயி, பாருங்க. என் கதை தெரியும்ல.

ஸ்டார்ட்அப் ரிப்பேர் பத்தி எல்லாரும் முதல்ல சொல்வாங்க. ஓட விடுங்க, கெடுதல் இல்ல, ஆனா எனக்கு அது பெரும்பாலும் அஞ்சு நிமிஷம் யோசிச்சுட்டு "முடியல"ன்னுதான் சொல்லியிருக்கு.

இன்னொண்ணு. அப்டேட்டுக்கு அப்புறம் நின்னுச்சுங்கறதால அப்டேட்தான் குத்தவாளின்னு முடிவு கட்டிடாதீங்க. அப்டேட் ஓடும்போது டிஸ்க்ல ஏகப்பட்ட எழுத்து வேலை நடக்கும், ஏற்கனவே சாகக் கிடக்கற டிஸ்க் அந்த நேரம் பார்த்துதான் காலை வாரும். மேல சொன்ன காப்பி அநியாயத்துக்கு மெதுவா போச்சுன்னா, இல்ல ஒரு சில ஃபைல்ல மட்டும் எரர் அடிச்சுதுன்னா அது டிஸ்க் விவகாரம். அதே டிஸ்க்ல எத்தனை தடவை புதுசா போட்டாலும் திரும்ப அதே இடத்துக்குத்தான் வந்து நிப்பீங்க.

இவ்ளோ பண்ணியும் அசையலன்னா, இப்ப ரீஇன்ஸ்டால் பேசலாம். முதல்ல ரீசெட் திஸ் பிசி, அதுல கீப் மை ஃபைல்ஸ். ஃபைல் இருக்கும், போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போயிடும். கிளவுட் டவுன்லோடா லோக்கலான்னு கேட்கும், கிளவுடுக்கு 4 ஜிபிக்கு மேல நெட் இழுக்கும், ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன், ஏன்னா லோக்கல்னா கெட்டுப்போன அதே ஃபைலை வச்சுத்தான் திரும்ப கட்டும். "ஃபைல் இருக்கும்"ங்கறதை நம்பி காப்பி எடுக்காம இறங்காதீங்க. 2018 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல சில பேரோட டாக்குமெண்ட்ஸே காணாம போயி மைக்ரோசாஃப்ட் அந்த அப்டேட்டையே நிறுத்தி வச்சு நவம்பர்லதான் திரும்ப விட்டாங்க.

அதுவும் ஆகலன்னாதான் பென்டிரைவ். ரெண்டு டிஸ்க் இருந்தா விண்டோஸ் போடப்போற டிஸ்க்கைத் தவிர மத்ததோட கேபிளை கழட்டி வச்சிட்டு ஆரம்பிங்க, நான் இப்பல்லாம் ஸ்க்ரூ டிரைவர் இல்லாம இன்ஸ்டாலையே ஆரம்பிக்கறது இல்ல. இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே காட்டலன்னா டிஸ்க் போச்சுன்னு நினைக்காதீங்க, கொஞ்சம் புது இன்டெல் மெஷின்ல விஎம்டின்னு ஒரு செட்டிங் ஆன்ல இருக்கும், மெஷின் கம்பெனி சைட்ல இருந்து அதுக்கான ஸ்டோரேஜ் டிரைவரை வேற பென்டிரைவ்ல எடுத்து லோட் டிரைவர் கொடுத்தா தெரியும். ப்ராடக்ட் கீ கேட்டா "என்கிட்ட இல்ல"ன்னு கொடுத்துட்டு முன்னாடி இருந்த அதே எடிஷனை, ஹோம்னா ஹோம், ப்ரோன்னா ப்ரோ, போடுங்க, லைசென்ஸ் மதர்போர்டோட ஒட்டியிருந்தா நெட் வந்ததும் தானா ஆக்டிவேட் ஆயிடும்.

எந்த வழில திறந்தாலும் சரி, திறந்த சந்தோஷத்துல உடனே செக் ஃபார் அப்டேட்ஸ் அமுக்கிடாதீங்க, கழட்டினது அப்படியே திரும்ப வந்து உக்காந்துக்கும். விண்டோஸ் அப்டேட் பக்கத்துல பாஸ் (Pause), அதாவது அப்டேட்டை நிறுத்தி வைக்கற ஆப்ஷன் இருக்கும், முதல்ல அதைப் போடுங்க, ஒரு ரெண்டு வாரம் போதும். அந்த இடைவெளில நீங்க போட்டோ எடுத்து வச்ச ஸ்டாப் கோடையும் அப்டேட்டோட கேபி நம்பரையும் (KB-ன்னு ஆரம்பிக்கற அப்டேட் நம்பர்) சேர்த்து தேடிப் பாருங்க, உங்களுக்கு மட்டுமா எல்லாருக்குமான்னு தெரிஞ்சுடும்.