சூப்பர் ஹீரோ படங்களை மறுபடி எடுத்தால் ஒரு தலைமுறை கொதிப்பதும் இன்னொரு தலைமுறை கொண்டாடுவதும் ஏன்?

"தம்பி 2025-இல் வந்த புது சூப்பர்மேனைக் கொண்டாடுகிறான். எனக்கு ஹென்றி கேவில்தான் சூப்பர்மேன். பெரியப்பாவோ கிறிஸ்டோபர் ரீவுக்குப் பிறகு வந்த யாரையும் ஏற்பதில்லை. வயதாக ஆகப் பழசுதான் பிடிக்கும் என்பது மட்டுமா காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வயது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம். இங்கே நான் பார்த்தவரை, ரீமேக் என்றதும் அதிகம் துள்ளுகிறவர்கள் முப்பதிலிருந்து ஐம்பது சொச்சம் வரை உள்ளவர்கள். எழுபதைத் தாண்டியவர்கள் அசருவதில்லை, பதினைந்து வயசுக்காரர்களும் அசருவதில்லை. நடுவில் இருக்கிற எங்களுக்குத்தான் தாங்கவில்லை. ஒரே பிரதியை வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2004-இல் ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகம் வந்தபோது நான் ஏழாம் வகுப்பு. தியேட்டரில் பார்த்தது ஒரு தடவை. அப்புறம் பார்த்ததெல்லாம் மார்த்தாண்டத்தில் வாங்கிய சிடியில். தமிழ் டப்பிங், இரண்டு டிஸ்க். இரண்டாவது டிஸ்க்கில் கீறல் விழுந்து, டோபி மக்வயர் வலை வீசி ரயிலை நிறுத்துகிற இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். முகமூடி கழன்று மயங்கிச் சரிந்தவனைப் பயணிகள் தலைக்கு மேலே கைமாற்றி உள்ளே கொண்டுபோவார்களே, அந்த இடம். டிஸ்க்கை வெளியே எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டால் சில நாள் ஓடும். சில நாள் நேராக அடுத்த காட்சிக்குத் தாவிவிடும். இன்று ஓடிடியில் பளிச்சென்ற பிரதியில் பார்க்கும்போதும் அந்த இடம் நெருங்கினால் கை ரிமோட்டைத் தேடுகிறது.

இப்படி ஒரு படத்தை வளர்த்தவனிடம் வந்து, 2012-இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்டை வைத்து முதலிலிருந்து தொடங்குகிறோம் என்றார்கள். சாம் ரைமி இயக்கிய டோபி படங்களில் மூன்றாம் பாகம் வந்தது 2007-இல். இடையில் ஐந்தே வருஷம். பட உரிமை சோனியிடம் இருக்கிறது, படம் எடுக்காமல் காலம் கடத்தினால் அது மார்வெலுக்குத் திரும்பிவிடும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்கள் செட்டில் பேச்சு ஒன்றுதான்: பாவம், ஸ்பைடர்மேனை வளர்த்த பென் அங்கிளை இன்னொரு தடவை கொல்லப்போகிறார்கள்.

சித்தப்பா இதைக் கேட்டுச் சிரிப்பார். அவருடைய ஸ்பைடர் வேறு. சிவகாசியிலிருந்து 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர்: கூர்காது, வலை பாய்ச்சுகிற துப்பாக்கி, ஹெலிகாரில் பறக்கிற குற்றச் சக்கரவர்த்தி. பிரிட்டிஷ் சரக்கு, மார்வெலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. (அதற்குக் கதை எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல், அதாவது சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். இதைச் சொன்னால் சித்தப்பாவுக்கு வருகிற பெருமையைப் பார்க்கவேண்டும்.) 2002-இல் ஸ்பைடர்மேன் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து, "எலே, காதையே காணுமே" என்றாராம். அவரும் எங்கள் கட்சிதான். எங்கள் கையில் சிடி, அவர் கையில் சாணித்தாள் புத்தகம்.

பிரதி கையில் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்குச் சக்திமானைச் சொல்லலாம். 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கியது. எங்கள் வயசுக்காரர்கள் பலருக்கு முதல் சூப்பர் ஹீரோவே அவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஓடும், முடிந்தால் போச்சு. இந்தி புரியாது, கரண்ட் இருக்கவேண்டும், ஆன்டெனா ஒத்துழைக்கவேண்டும். 2022-இல் சக்திமானைப் படமாக எடுக்கப்போவதாகச் சோனி அறிவித்தபோது எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருத்தரும் கொதிக்கவில்லை. ஆளாளுக்குப் பம்பரம் படம் போட்டுவிட்டுப் போனார்கள். பாசம் இல்லாமலில்லை. ஒப்பிட்டுப் பார்க்க யாரிடமும் கதை மிச்சமில்லை, அவர் பம்பரமாய்ச் சுற்றுகிற சுற்று மட்டும்தான் ஞாபகம்.

தமிழில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. முகம் மாறாவிட்டாலும் குரல் மாறினால் போச்சு. 2019-இல் அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் தமிழில் வந்தபோது அயர்ன்மேன் டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி பேசினார். தமிழ் வசனம் ஏ.ஆர். முருகதாஸ். பெரிய பெயர்கள்தான். ஆனாலும் பழைய குரல்தான் வேண்டும் என்று ரசிகர்கள் சமூக ஊடகங்களில் புலம்பித் தீர்த்தது உங்களுக்கும் நினைவிருக்கும். நாகர்கோவில் தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் முதல் வசனத்திலேயே "இது நம்ம டோனி இல்லப்பா" என்றார். திரையில் இருப்பது அதே ராபர்ட் டவுனி ஜூனியர், அதே தாடி. சேதுபதி குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் குரலை ஏற்கெனவே பல படங்களில் நமக்குத் தெரியும், அதுதான் தொந்தரவு. கண்ணை மூடினால் வேறு ஆள் வந்து நிற்கிறார்.

இதற்காக எங்கள் கட்சி சொல்வதெல்லாம் நியாயம் என்று ஆகிவிடாது. உங்கள் பெரியப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். 2013-இல் மேன் ஆஃப் ஸ்டீல் படத்தில் சூப்பர்மேன் வில்லன் ஜெனரல் சாடின் கழுத்தை முறித்தபோது, "சூப்பர்மேன் கொல்லமாட்டான்" என்று பழைய ரசிகர்கள் குதித்தார்கள். ரீவ் நடித்த 1980-ஆம் ஆண்டு இரண்டாம் பாகத்தில் என்ன நடக்கிறது? சக்தியெல்லாம் போய்விட்ட சாடின் கையை நசுக்கி, ஆளைத் தூக்கிப் பனிக்கோட்டையின் பள்ளத்துக்குள் எறிகிறார். அதை யாரும் சொல்வதில்லை. மனசில் நிற்பது ஜான் வில்லியம்ஸின் இசையும் ரீவின் சிரிப்பும்தான்.

மைக்கேல் கீட்டன் கதையும் அப்படித்தான். 1989 பேட்மேன் படத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்ததும், காமெடி நடிகர் எதற்கு என்று வார்னர் நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதங்கள் போயின. ஹீத் லெட்ஜரை ஜோக்கர் ஆக்கியபோதும் இதே கூச்சல். அவர் இறந்தபின் அந்த வேஷத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. நான் உயிரைவிடுகிற டோபி படத்தில் வலை மணிக்கட்டிலிருந்தே வரும். காமிக்ஸில் பீட்டர் (ஸ்பைடர்மேனின் நிஜப்பெயர்) அதற்கென்று ஒரு கருவி செய்து மாட்டிக்கொள்வான். கருவியை எடுத்துவிட்டார்களே என்று அன்று காமிக்ஸ் வாசகர்கள் சண்டை போட்டார்கள். பத்து வருஷம் கழித்துக் கார்ஃபீல்டு அதே கருவியை மாட்டியதும், "இது என்ன புதுசா?" என்று எங்கள் ஆட்கள் சண்டை போட்டார்கள்.

அந்தக் கார்ஃபீல்டு 2021 டிசம்பரில் நோ வே ஹோம் படத்தில் மாய வளையத்துக்குள்ளிருந்து வெளியே வந்து முகமூடியைக் கழற்றியபோது நாகர்கோவிலில் தியேட்டர் இடிந்துவிடுமோ என்றிருந்தது. விசில் அடித்தவர்களில் பாதிப்பேர் கல்லூரிப் பையன்கள். 2012-இல் ஏழெட்டு வயதில் அவரைப் பார்த்தவர்கள். நமக்கு ரீமேக்காகத் தெரிந்தது அவர்களுக்கு முதல் படம். ஒரு ரீமேக் தேறியதா தேறவில்லையா என்று வெளியான வாரத்தில் கேட்பதில் எனக்கு நம்பிக்கை போனது அன்றைக்குத்தான். பத்து வருஷம் போகட்டும்.

அதே வித்தையை 2023-இல் தி ஃப்ளாஷ் படத்தில் கீட்டனை வைத்துச் செய்தார்கள். அவர் "நான் பேட்மேன்" என்கிறார், எங்கள் தியேட்டரில் பாப்கார்ன் கொறிக்கிற சத்தம் கேட்கிறது. 1989 படத்தை இங்கே எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? எங்கள் ஊரில் பேட்மேன் என்றால் கிறிஸ்டியன் பேல்.

இனி ஆச்சி.

டொமினிக் அருண் இயக்கத்தில் கல்யாணி பிரியதர்ஷன் நடித்து 2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படம் லோகா. தமிழிலும் டப் ஆனது. எங்கள் மாவட்டத்தில் மலையாளத்துக்கு டப்பிங் தேவைப்படாதவர்கள் நிறைய, 1956 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தானே. அந்தப் படத்தில் சூப்பர் ஹீரோ யார் என்றால், கள்ளியங்காட்டு நீலி. கேரளத்தில் அவள் ஒரு யட்சி, கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் அவளை அடக்கினார் என்பார்கள். எங்களுக்கு உறவு இன்னும் நெருக்கம். கள்ளியங்காடு நாகர்கோவிலில் பார்வதிபுரத்தைத் தாண்டினால் வருகிற இடம். நீலி கதையை இசக்கியம்மன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். நகைக்கு ஆசைப்பட்டு ஒருவன் கள்ளிச்செடி ஓரத்தில் கொன்றுபோட்ட பெண், மறுபிறவி எடுத்து வந்து, கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப்பெரியவர்கள் முன்னால் அவனைத் தன் புருஷன் என்று சாதித்துப் பழிதீர்க்கிற கதை. படத்திலோ அவள் இன்றைய பெங்களூருவில் வசிக்கிற இளம்பெண். அடக்கவேண்டிய கத்தனாரே அவளுக்குத் துணையாகிவிடுகிறார்.

இதைவிடத் துணிச்சலான ரீமேக் எது? கதையை மாற்றியது மட்டுமா, சாமியையே மாற்றியிருக்கிறார்கள். ஓடிடியில் வந்தபோது ஆச்சியும் கூட உட்கார்ந்து பார்த்தார். வயது எழுபதுக்கு மேல், செவ்வாய் வெள்ளி தவறாமல் இசக்கிக்கு விளக்குப் போடுகிறவர். பிளாஷ்பேக் முடிந்ததும் கேட்டார்: "கள்ளிப்பிள்ளை எங்க மக்களே?"

"இதுல அது கிடையாது ஆச்சி."

"சரி, இவன் இப்பிடிப் பாடுகான்" என்றார். அவ்வளவுதான். மீதிப் படத்தை வெற்றிலை மென்றுகொண்டே பார்த்து முடித்தார்.

இயக்குநரை அவர் ஒரு பாட்டுக்காரராக எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. வில்லுப்பாட்டில் ஒரே கதையை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் நீட்டுவார்கள், குறைப்பார்கள். ஒரு புலவர் பஞ்சாயத்துக் கட்டத்தில் ஒரு மணி நேரம் நிற்பார். அடுத்த வருஷம் வருகிறவர் அதைச் சட்டென்று தாண்டித் தாலாட்டில் போய் உட்காருவார். குடம் அடிக்கிறவர் நடுவில் ஒரு கேள்வி போட, அதைப் பிடித்துக்கொண்டு கதை உள்ளூர்ச் சங்கதிக்குள் போய்விட்டுத் திரும்பும். கேட்கிறவர்கள், "இவரு நல்லாப் பாடுகாரு", "அவருக்குத் தொண்டை போச்சு" என்று பேசிக்கொள்வார்களே தவிர, சொன்ன கதையை ஏன் மறுபடி சொல்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஆனால் அம்மன் வரத்து, அதாவது சாமியை அழைக்கிற பாட்டுப் பாடுகிற நேரத்தில் ஒரு சொல் பிசகட்டும், ஆச்சி முதல் ஆளாக முகம் சுளிப்பார். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் அவருக்குத் தெளிவு இருக்கிறது. மணிக்கட்டு வலைக்காகச் சண்டை போடுகிற எங்களுக்கு அது இல்லை.

ரீமேக்கைக் குறை சொல்லவே கூடாது என்று சொல்லவரவில்லை. 2015-இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் விழுந்ததற்குப் பழைய பாசத்தைக் காரணம் காட்டமுடியாது, 2005 படத்தின் மேல் அப்படி யாருக்கும் பாசமும் இல்லை. படம் மோசம், விழுந்தது.

அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். டோபி, கார்ஃபீல்டு, டாம் ஹாலண்ட் என்று மூன்று பீட்டர்களும், ஸ்பைடர்-வெர்ஸ் அனிமேஷன் படங்களின் ஸ்பைடர்மேனான மைல்ஸும் அவன் கைக்கு ஒரே நேரத்தில் வந்தவர்கள். எதை முதலில் பார்த்தாய் என்றால், "தெரியல மாமா, ரீல்ஸ்ல பாத்திருப்பேன்" என்கிறான். 2007-இல் எல்லோரும் கேலி செய்த மூன்றாம் பாகத்துத் தெரு நடனம் அவனுக்கு மீம், அதனாலேயே பிடிக்கும். நாங்கள் தலையைக் குனிந்துகொண்ட காட்சி அது! ஐமேக்ஸ் வேண்டும் என்று அடம்பிடித்துத் திருவனந்தபுரம் லுலு மாலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போவான். திரை எவ்வளவு பெரிசு, சத்தம் நெஞ்சில் இடிக்கிறதா என்பதுதான் அவனுக்குக் கணக்கு. ஸ்பைடர்மேன் யாராக இருந்தால் என்ன? இந்த விஷயத்தில் அவனும் ஆச்சியும் ஒரே பெஞ்ச். ஆச்சிக்கு நிரந்தரப் பிரதி என்று ஒன்று இருந்ததில்லை, அவனுக்கு எல்லாப் பிரதியும் எப்போதும் இருக்கிறது. நாளைக்கு அவனுக்கும் ஏதாவது ஒன்றின் மேல் ஏக்கம் வரும். அது படமாக இருக்காது, ஏதோ ஒரு எடிட் வீடியோவின் பின்னணிப் பாட்டாக இருக்கும் என்பது என் ஊகம்.

படம் எடுக்கிறவர்களுக்கு எங்களை நன்றாகத் தெரியும். கையில் காசு புரளுகிற வயசில் இருப்பது இந்த நடுத் தலைமுறைதான். 2026 டிசம்பரில் வருவதாக அறிவித்திருக்கிற அவெஞ்சர்ஸ் டூம்ஸ்டே படத்தில் டாக்டர் டூமாக ராபர்ட் டவுனி ஜூனியரையே போட்டிருக்கிறார்கள். "அயர்ன்மேன் எதுக்கு மாமா வில்லனா வாறாரு? வேற ஆளே கிடைக்கலியா?" என்று கேட்கிறான் மருமகன். கிடைத்திருப்பார்கள், ஆனால் அவர்களுக்காக நான் முதல் நாள் டிக்கெட் எடுக்கமாட்டேனே. இவருக்கு எடுப்பேன். தமிழில் டூமுக்கு யார் பேசுகிறார்கள் என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளவேண்டும்.