ஓடும் நிரல்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு மாதங்களாகப் பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்று வருகிறேன். விதிகளை மட்டும் படித்தால் மனத்தில் நிற்பதில்லை என்பதால், எடுத்துக்காட்டு நிரல்களைத் தேடியெடுத்து, தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்கிறேன். எல்லாமே பிழையின்றி ஓடுகின்றன. ஆனால் நானாகப் பத்து வரி எழுத உட்கார்ந்தால் கை நகர்வதில்லை. இந்த வழியே தவறா? விதிகளிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வழி தவறில்லை, பாதியில் நிற்கிறீர்கள். புதிதாகக் கற்பவர் கணக்குகளோடு தனியாக மல்லுக்கட்டுவதைவிட, தீர்த்துக் காட்டப்பட்ட கணக்குகளைப் படிப்பது பயன் தரும் என்று ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் இயற்கணிதத்தை வைத்து 1985இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஆனால் அதில் மாணவர்கள் ஒரு தீர்வைப் படித்த கையோடு, அதே சாயலுள்ள இன்னொரு கணக்கைத் தாமே போட்டார்கள். உங்கள் கடிதத்தில் அந்த இரண்டாவது கணக்கைக் காணவில்லை.

தட்டச்சு செய்வதற்கும் ஓட்டுவதற்கும் நடுவே, திரையில் என்ன வரும் என்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். மூன்று எண்கள் கொண்ட [1, 2, 3] என்னும் பட்டியலுக்கு 'அ' என்று பெயரிடுங்கள் (பைத்தான் 3 தமிழ் எழுத்தையும் மாறியின் (மதிப்பைக் குறிக்க நாம் சூட்டும் பெயர்) பெயராக ஏற்கும், எனவே இதை அப்படியே எழுதலாம்). அடுத்த வரியில் ஆ = அ என எழுதி, 'ஆ'வின் கடைசியில் அப்பெண்டு (append) என்னும் கட்டளை கொண்டு 4ஐச் சேர்த்துவிட்டு, 'அ'வை அச்சிடுங்கள். மூன்று எண்கள்தான் வரும் என்று பலரும் எழுதுவார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். வருவது நான்கு. சமக்குறி பட்டியலை நகலெடுப்பதில்லை, ஒரே பட்டியலுக்கு இன்னொரு பெயரைச் சூட்டுகிறது, அவ்வளவே.

இதோடு விட்டுவிடாமல் ஒரே ஒரு வரியை மாற்றுங்கள். அப்பெண்டுக்குப் பதிலாக ஆ = ஆ + [4] என்று எழுதினால் 'அ' மூன்று எண்களோடு அப்படியே இருக்கும், ஏனெனில் கூட்டல் புதிய பட்டியலொன்றை உண்டாக்கி, 'ஆ' என்ற பெயரை அதற்குக் கொடுத்துவிடுகிறது. அதையே ஆ += [4] என்று சுருக்கி எழுதினாலோ பழைய பட்டியலே நீள்கிறது, 'அ'வும் மாறிவிடுகிறது. நான்கு வரி நிரலில் ஒரு வரியை இருமுறை மாற்றியதில் கிடைத்த இந்தத் தெளிவு, ஐம்பது எடுத்துக்காட்டுகளை வரிசையாக ஓட்டியவருக்குக் கிடைக்காமலே போகலாம்.

பிழையின்றி ஓடுவதை அதிகம் நம்பவும் வேண்டாம். 7ஐ 2ஆல் வகுத்து அச்சிடும் print(7/2) என்ற வரி பைத்தான் 2இல் 3 என்றும், 2008இல் வந்த பைத்தான் 3இல் 3.5 என்றும் காட்டும். இரண்டிலும் பிழைச்செய்தி வராது.

விதிகளை முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. தாளில் எழுதியது பொய்க்கும் இடத்தில் மட்டும் கையேட்டின் அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள், கேள்வியோடு போகிறவருக்கு விதி மனத்தில் நிற்கும். இந்த வாரம் புதிய நிரல் எதையும் தேடாமல், ஏற்கெனவே ஓட்டிய ஒன்றில் சுழற்சிக்குள் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதி) இருக்கும் வரிகளை மட்டும் அழித்துவிட்டு, மூலத்தைப் பார்க்காமல் நிரப்பிப் பாருங்கள். அது கைவந்தபின் சுழற்சியையும் சேர்த்து அழியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்