கோடிப்பக்கத்துப் பாம்பும் இரவில் விரிக்கும் பாயும்

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் வளவுக்குப் பின்னால் வயல். கோழிக்கூட்டுப் பக்கம் ஒரு நாகமும் ஒரு சாரையும் அடிக்கடி தெரிகின்றன. நாகதம்பிரானை அடிக்க விடமாட்டேன் என்கிறா மாமி. புற்றடியில் பாலும் முட்டையும் வைக்கிறா. இவருக்கு அடித்துவிட்டால்தான் நித்திரை வரும். சின்னப்பிள்ளைகள் இரண்டு பேர். என்ன செய்யலாம்?"

அடிக்க வேண்டாம் சகோதரி. இதில் நான் மாமியின் பக்கம். தடியோடு கிட்டப் போய்த்தான் பலர் கடி வாங்குகிறார்கள். சாரைக்கு விஷமே இல்லை. உங்கள் நெல் மூட்டையைத் தேடிவரும் எலியை அது பிடிக்கிறது. நாகமும் சாரையும் பிணையும் என்ற ஊர்க்கதையையும் நம்ப வேண்டாம். பின்னிக்கொண்டு நிமிர்பவை பெரும்பாலும் மல்லுக்கட்டும் இரண்டு ஆண் சாரைகள்.

ஆனால் முட்டை விஷயத்தில் மாமியிடம் மெதுவாகப் பேசுங்கள். பால் பாம்பின் உணவல்ல. முட்டையை நாகம் விழுங்கும்; வைத்தால் திரும்பவும் வரும். அந்த நேர்த்தியைப் புதூர் நாகதம்பிரான் கோயிலில் செய்யட்டும்.

எனக்குப் பயம் நீங்கள் காணும் இந்த இரண்டையும் பற்றியல்ல. காணாத கட்டுவிரியனைப் பற்றித்தான். எண்ணெய்விரியன் என்றும் சொல்வார்கள்: கறுத்த உடல், மெல்லிய வெள்ளை வளையங்கள். பகலில் பொந்திலும் கல்லுக்கடியிலும் கிடக்கும். இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் மிகச் சிறியது. நோவும் இருக்காது, தடமும் தெரியாது, கடிபட்டது தெரியாமலே பலர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் வயிற்றுநோ, சத்தி. பிறகு இமை சரியும், பேச்சுக் குழறும், மூச்சு அடங்கும். பாயில் படுத்த பிள்ளை நடுச்சாமத்தில் வயிறு நோகுது என்று அழுது, கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டால், கைமருந்து கொடுத்துக்கொண்டு விடியும்வரை இருக்காதீர்கள்.

பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க வையுங்கள். கட்டில் இல்லையா, பரவாயில்லை: நுளம்பு வலையைக் கட்டி, விளிம்பைப் பாயின் கீழே சுற்றிவரச் செருகுங்கள். எதைச் செய்யாவிட்டாலும் இதை இன்றிரவே செய்யுங்கள்.

கோழிக்கூட்டை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், முட்டையை அன்றன்றே எடுங்கள். விறகை நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். காவோலை, பழைய கிடுகு, உடைந்த கல் எதுவும் கோடிப்பக்கத்தில் குவிந்திருக்கக் கூடாது. கதவின் கீழ் இடைவெளியை அடையுங்கள். மண்ணெண்ணெயும் உள்ளியும் பாம்பை நிறுத்தாது. இரவில் மலசலகூடத்துக்குப் போனால் ரோச் லைட்டும் செருப்பும் கட்டாயம். அறுவடை நாளில் வயலில் கண்ணாடி விரியன் கிடக்கும். உங்கள் கணவரைப் பூட்ஸ் போடச் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் கட்டவோ கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். பரியாரியார் நல்லவராக இருக்கலாம், ஆனால் மூச்சு நின்றால் அவரிடம் இயந்திரம் இல்லை. பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். தூரத்தில் நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். கடித்த நேரத்தை மட்டும் மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.