பிராக் வான்கடிகாரம்: நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டதும் என் பதிலும்

செக் நாட்டுத் தலைநகரான பிராக்கில் பழைய நகர மன்றக் கட்டடத்தின் கோபுரச் சுவரில் 1410-ல் வைத்த வான்கடிகாரம் இன்றைக்கும் ஓடுகிறது. அதன் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, இத்தனை வட்டம், இத்தனை முள் இருக்கே, மணி எதில் பார்க்க?

முள் நுனியில் தங்க நிறத்தில் ஒரு கை இருக்கும். அது எந்த ரோமன் எண்ணைக் காட்டுகிறதோ அதுதான் மணி. உச்சியில் பகல் 12, அடியில் ராத்திரி 12, நாளுக்கு ஒரே சுற்று, நிமிஷ முள் கிடையாது. ஆனால் வெறும் மணி பார்க்க அதைச் செய்யவில்லை தம்பி. சூரியன் எந்த ராசியில், சந்திரன் எங்கே, விடிய எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதில் தெரியும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவருக்கு அது சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

அம்பாசமுத்திரம்: உள்ளே எந்திரம் எப்படி இயங்குகிறது?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒரே அச்சில் மூன்று பெரிய பல்சக்கரங்கள், ஒன்றுக்கு 365 பல், அடுத்ததுக்கு 366, மூன்றாவதுக்கு 379. மூன்றையும் 24 பல் உள்ள சின்னச் சக்கரங்கள் ஒரே வேகத்தில் தள்ளுகின்றன. 366 பல் சக்கரத்தில் சூரிய முள், 24 மணி நேரத்தில் ஒரு சுற்று. 365-ல் ஒரு பல் குறைவதால் அது 23 மணி 56 நிமிஷம் 4 நொடியில் சுற்றி முடித்துவிடும், அதில்தான் ராசி வளையத்தைப் பூட்டியிருக்கிறார்கள். நட்சத்திரங்களும் அந்தக் கணக்கில்தான் சுற்றிவருகின்றன. இன்று ராத்திரி 9 மணிக்குப் பொதிகை மலைக்கு மேலே நிற்கும் நட்சத்திரம் நாளைக்கு 8.56-க்கே அங்கே வந்து நிற்கும். ஒரே ஒரு பல்லைக் குறைத்து, வருஷத்துக்கு ஒரு சுற்று கூட வரவைத்துவிட்டார்கள் பாருங்கள், அந்த மூளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் கும்பிடு போடலாம்.

379 பல் சந்திரனுக்கு. அது ஒரு சுற்று வர ஏறக்குறைய 24 மணி 51 நிமிஷம் ஆகிறது, நிஜச் சந்திரனுக்கோ சராசரி 24 மணி 50½ நிமிஷம். நாளுக்கு 40 நொடி பிசகு சேர்ந்துகொண்டே போகும், அதனால் அவ்வப்போது கையால் திருத்தியாக வேண்டும்.

தென்காசி: சார், அதில் திதி பார்க்க முடியுமா?

தாராளமாக. சூரிய முள்ளும் சந்திர முள்ளும் ஒன்றின்மேல் ஒன்று நின்றால் அமாவாசை, எதிரெதிரே நின்றால் பௌர்ணமி. நடுவில் ஏறக்குறைய 12 டிகிரிக்கு ஒரு திதி. சொரிமுத்தையனார் கோவிலில் ஆடி அமாவாசைக் கூட்டம் நிரம்பும் அன்றைக்கு பிராக்கிலும் இரண்டு முள்ளும் சேர்ந்துதான் நிற்கும். சந்திரன் ஒரு உருண்டை, பாதி வெள்ளி, பாதி கறுப்பு. அதற்குள்ளே ஒரு சின்ன எடை தொங்குகிறது, அதன் இழுப்பிலேயே உருண்டை மெல்லத் திரும்பிப் பிறையைக் காட்டும்.

சங்கரன்கோவில்: மேஷம் அங்கே மார்ச் 21-லேயே பிறக்கிறதே, நமக்குச் சித்திரை 1 அல்லவா?

அவர்கள் பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து ராசியை எண்ணுகிறார்கள், நாம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறோம். இரண்டுக்கும் நடுவில் இன்றைக்கு 24 டிகிரி அளவுக்கு இடைவெளி, அதுதான் அயனாம்சம்.

தூத்துக்குடி: தங்க நிறத்தில் வளைந்த கோடுகள், 1 முதல் 12 வரை எண். அது என்ன அண்ணாச்சி?

ஓரை! சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை 12 பங்கு. பிராக்கில் கோடையின் நீண்ட பகல் 16 மணி 20 நிமிஷத்துக்கு மேல் போகும், அப்போது ஒரு பங்கு 80 நிமிஷத்தைத் தாண்டிவிடும். குளிர்காலத்தில் பகலே 8 மணி நேரம்தான், ஒரு பங்கு 40 நிமிஷம். நம்ம திருநெல்வேலியில் வருஷம் முழுக்க 58-லிருந்து 63-க்குள் அடங்கிவிடும், அதனால்தான் ஓரையை ஒரு மணி நேரம் என்று மொத்தமாக எடுத்துக்கொண்டாலும் நமக்குப் பெரிதாகக் கெடவில்லை. வெளிவட்டத்தில் பழைய செக் மணி. அஸ்தமனத்திலிருந்து எண்ணுவார்கள், நாம் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுகிற மாதிரி.

வள்ளியூர்: செய்தவர் கண்ணைக் குருடாக்கினார்களாமே?

கதை. ஹனுஷ் என்பவர் பெயரில் சொல்வார்கள். 1410 அக்டோபர் 9 தேதியிட்ட ஆவணத்தில் இருப்பது காதான் ஊர் மிக்குலாஷின் பெயர். வானியல் கணக்குப் போட்டது யான் ஷிண்டல் என்ற பேராசிரியர் என்கிறார்கள்.

நாங்குநேரி: எங்கள் பள்ளிச் சுவரில் இதே மாதிரி ஒன்று வைக்க ஆசை. அப்படியே வரையலாமா?

சக்கரங்கள் அப்படியே இருக்கலாம் டீச்சர், பின்னால் உள்ள தகட்டைப் புதிதாக வரையவேண்டும். அது பிராக்கின் 50 டிகிரி அட்சரேகைக்குப் போட்டது, அங்கே அடிவானம் நன்றாக வளைந்த கோடு. நமக்கு 8 டிகிரி 44 மினிட் சுற்றி வரும், அடிவானம் கிட்டத்தட்ட நேர்க்கோடாகிவிடும். மணியையும் ரயில்வே நேரத்துக்கு வைத்துவிடாதீர்கள், 82½ டிகிரி தீர்க்கரேகைக்கான நேரம் அது. நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது சராசரி 12.19-க்கு. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், அன்றைக்கு முற்றத்தில் ஒரு கம்பை நட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள், நிழல் மறையும் அந்த நிமிஷத்தில் தங்கக் கை 12-ல் நிற்கிறதா என்று சரிபார்த்துவிடலாம்.