நெட்டையர்களின் கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் விளையாட்டுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். கூடைப்பந்தைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதுவதில்லை என்ற குறை எனக்கு உண்டு. நானும் மகளும் சேர்ந்துதான் அமெரிக்காவின் என்பிஏ லீக் ஆட்டங்களைப் பார்ப்போம். அவள் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி அணியில் சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் நெட்டை ஆள். எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று: எல்லாக் காலத்திலும் பெரிய சென்டர் யார்? நான் வில்ட் சேம்பர்லின் என்கிறேன், அவள் நிக்கோலா ஜோக்கிச் என்கிறாள். பில் ரஸ்ஸலை இரண்டு பேருமே முதல் ஐந்தில் சேர்க்கவில்லை. ஆட்டத்துக்குச் சராசரி 15 புள்ளிதானே! ஆறு சென்டர்களின் புள்ளி, ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்தது), பிளாக் (எதிரணி எறிந்த பந்தைத் தடுத்தது) எல்லாவற்றையும் அட்டவணையாகப் போட்டு இணைத்திருக்கிறேன். அந்தக் காலத்து ஆட்களை இன்றைய கோர்ட்டில் இறக்கினால் தாக்குப்பிடிப்பார்களா? சென்டர் ஷாக் ஓ'நீலை யாராவது நிறுத்தியிருக்க முடியுமா?

பி.கு: மகள் இப்போதெல்லாம் ஆட்டம் முடிந்து வந்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எத்தனை புள்ளி என்று கேட்டால் "நாலு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச நாளாக ரஸ்ஸலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம். அட்டவணையைத் திறந்து பார்த்தேன். உழைத்திருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் பிளாக் என்ற பத்தியில் ரஸ்ஸலுக்கு நேரே நீங்கள் போட்டிருப்பதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. பூஜ்யம். சேம்பர்லினுக்கும் பூஜ்யம்.

என்பிஏ பிளாக்குகளை எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். ரஸ்ஸல் 1969லேயே ஓய்வு பெற்றுவிட்டார். சேம்பர்லின் கடைசியாக ஆடிய பருவம் 1972-73. இருவரும் போன பிறகுதான் நோட்டைத் திறந்திருக்கிறார்கள். எண்ணாததும் இல்லாததும் ஒன்றா? கணக்குப் படித்தவர் இப்படிச் செய்யலாமா?

இன்னொன்றைக் கவனியுங்கள். ஓர் ஆட்டத்தில் அதிக பிளாக் என்ற சாதனை இன்றுவரை 17. செய்தவர் எல்மோர் ஸ்மித், சேம்பர்லின் போன பிறகு லேக்கர்ஸ் அணி அந்த இடத்துக்குக் கொண்டுவந்த சென்டர். நாள் 1973 அக்டோபர் 28. அதாவது, எண்ண ஆரம்பித்த முதல் மாதத்திலேயே விழுந்த சாதனை அது. அதற்கப்புறம் ஹக்கீம் ஒலாஜுவான் வந்தார், மொத்தம் 3,830 பிளாக் போட்டார், அவராலும் ஓர் ஆட்டத்தில் 17ஐத் தொட முடியவில்லை. எல்மோர் ஸ்மித்தின் பெயர் உங்கள் அட்டவணையில் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் முதல் மாதமே 17 என்றால், அதற்கு முந்தைய வருடங்களில் என்னென்ன நடந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அந்தக் காலத்து ஆட்களை இன்று இறக்கினால் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. 1934ல் லூசியானாவில் பிறந்த ரஸ்ஸல் இன்று பிறந்திருந்தால் வேறு சாப்பாடு, வேறு பயிற்சி, வேறு விதி. அவர் வேறு ஆளாகத்தான் இருந்திருப்பார். கோர்ட்டே அன்று வேறாகத்தான் இருந்தது. ஜார்ஜ் மைக்கன் என்ற சென்டர் ரிங்குக்குக் கீழே நின்றால் யாராலும் நகர்த்த முடியவில்லை என்று 1951ல் லேனை, அதாவது பந்து போட வருகிறவர் அதிக நேரம் நிற்கக் கூடாத பகுதியின் அகலத்தை, 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். சேம்பர்லின் வந்தார், 1964ல் 16 அடி. கரீம் அப்துல்-ஜப்பார் கல்லூரியில் ஆடும்போது டங்க் செய்வதையே, அதாவது எம்பிப் பந்தைக் கூடைக்குள் கையால் அழுத்திப் போடுவதையே, தடை செய்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, 'இறக்கினால்' என்றால் எந்தக் கோர்ட்டில் இறக்குவது?

ஷாக்கை நிறுத்த முடியுமா என்றால், முடிந்தது. வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு 53கூடப் போடவில்லை மனிதர். இதற்கு மேல் ஷாக்கைப் பற்றி இன்று வேண்டாம்.

ரஸ்ஸலுக்கு வருவோம். 1961-62 பருவத்தில் உங்கள் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தார். மார்ச் 2 அன்று ஹெர்ஷியில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக நூறு. சரி, பிரமாதம். அந்தப் பருவத்தின் எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர் விருது, யாருக்கு? ரஸ்ஸலுக்கு. கொடுத்தது பத்திரிகைக்காரர்கள் இல்லை. அன்று எம்விபிக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்கள். சேம்பர்லினிடம் ஐம்பது ஐம்பதாக வாங்கிக்கட்டிக்கொண்ட அதே ஆட்கள், பேனாவை எடுத்து ரஸ்ஸலின் பெயரை எழுதினார்கள். அவர்களுக்கு என்ன, பைத்தியமா? ரஸ்ஸலின் அணியான பாஸ்டனோடு மோதிய ராத்திரிகளில் தங்களுக்கு என்ன ஆனது என்பது அவர்களுக்குத் தெரியும். அது உங்கள் அட்டவணையில் எந்தப் பத்தியிலும் இல்லை.

என்ன ஆனது என்று சொல்கிறேன். தற்காப்பில் இருப்பவன் தரையை விட்டுக் காலைத் தூக்கக் கூடாது என்பதுதான் அன்றைய பயிற்சியாளர்களின் பாடம். ரஸ்ஸல் தூக்கினார். கல்லூரியில் உயரம் தாண்டியவர் அவர், குதிப்பது பழக்கம். ஆனால் விஷயம் குதிப்பதில் இல்லை. மற்ற சென்டர்கள் பிளாக் செய்தால் பந்து கூட்டத்துக்குள் போய் விழும். கைதட்டல் கிடைக்கும், பந்து திரும்ப எதிரணிக்கே போகும். ரஸ்ஸல் அப்படி அறையமாட்டார். பந்தைத் தட்டிக் கோர்ட்டுக்குள்ளேயே வைப்பார், தன் கைக்கு அல்லது தன் ஆளின் கைக்கு. அடுத்த நொடி அவர் அணிக் கூட்டாளி பாப் கூசி பந்தோடு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருப்பார். எதிரணிக்குப் போக வேண்டிய இரண்டு புள்ளி போச்சு, பாஸ்டனுக்கு இரண்டு வந்தாச்சு. ஸ்கோர் ஷீட்டில் கடைசியில் கூடையில் போட்டவர் பெயர் ஏறும். இன்றைக்குப் பிளாக்கை எண்ணுகிறோமே, அதிலும்கூடக் கூட்டத்துக்குள் அறைந்த பந்தும் கூட்டாளி கைக்குப் போன பந்தும் ஒரே ஒன்றுதான்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ரஸ்ஸல் நிற்கிறார் என்பதாலேயே எறியப்படாத பந்துகள். எதிரணிக்காரன் உள்ளே ஓடி வருவான், நிமிர்ந்து பார்ப்பான், பந்தை வெளியே திருப்பிக் கொடுத்துவிடுவான். காவல்காரன் பிடித்த திருடர்களை எண்ணலாம், அவன் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை யார் எண்ணுவது?

ரஸ்ஸலுக்கு நல்ல அணி வாய்த்தது என்பீர்கள். உண்மைதான், 13 பருவத்தில் 11 பட்டம் தனி ஆளாக வாங்க முடியாது. சேம்பர்லினையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. 1960 நவம்பரில் ரஸ்ஸல் ஆடிய பாஸ்டனுக்கு எதிராகவே ஓர் ஆட்டத்தில் 55 ரீபவுண்டு எடுத்தார், இன்றும் யாரும் அதைத் தாண்டவில்லை. ஆட்டத்தை ஜெயித்தது பாஸ்டன், 132-129. பிளே-ஆஃப் தொடர்களில் இருவரும் எட்டு முறை மோதினார்கள், சேம்பர்லினின் அணி ஜெயித்தது 1967ல் ஒரே ஒரு தடவை. இதற்கு மேல் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் கணக்கை.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு சூடு என்று கேட்கலாம். வாலிப வயதில் மாவட்டப் போட்டிகளில் டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதியிருக்கிறேன். சிமெண்ட் தரை, ஃபிளட் லைட், தாள் முழுக்கப் பூச்சி. அந்தத் தாளில் ஆட்டக்காரருக்கு நேரே இரண்டே விஷயங்களுக்குத்தான் இடம்: எடுத்த புள்ளி, செய்த ஃபவுல். ஒரு துறை அணியில் ஒரு சென்டர் இருந்தார். நல்ல உயரம், ஒட்டடைக்குச்சி உடம்பு. அவர் போர்டுக்குக் கீழே நின்றால் லே-அப் போட வருகிறவனுக்குக் கால் பின்னிக்கொள்ளும். அவர் விரல் பந்தில் பட்டால் நான் எழுத ஒன்றும் இல்லை. கையில் பட்டால் விசில், உடனே நான் கட்டத்தில் ஒரு 'பி' போடுவேன். தாளை மட்டும் பார்க்கிறவனுக்கு அவர் ஒரு முரடன், அவ்வளவுதான். மறுநாள் பேப்பரில் ஸ்கோரோடு பெயர்கள் வரும், பக்கத்தில் 24, 18 என்று புள்ளி போட்டு. அதில் அவர் பெயரை நான் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் அவர்கள் அணி ஜெயித்த ஆட்டம் முடிந்து, தோளில் துண்டோடு டேபிளுக்கு வந்தார். "தம்பி, என்னோடது என்ன இருக்கு?"

"ஆறு பாயிண்ட், நாலு ஃபவுல்ணே."

குனிந்து தாளைப் பார்த்தார். "அந்த நாலாவது ஃபவுல் இல்ல தம்பி. பந்தைத்தான் தொட்டேன்" என்றார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் குறைந்தது பத்துப் பந்தைத் தடுத்திருப்பார். அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இப்போது உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். கடிதத்திலேயே முக்கியமானதை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். பதினான்கு வயதுப் பெண் பிள்ளை. நாற்பது நிமிடம் போர்டுக்குக் கீழே இடிபட்டு, முழங்கையால் குத்து வாங்கி, வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வருகிறாள். வாசலிலேயே அப்பா கேட்கிறார்: எத்தனை புள்ளி? உங்களுக்கே இது நியாயமாகப் படுகிறதா? நாலு என்கிறாள், உங்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கிறாள், உள்ளே போகிறாள். வேறென்ன செய்வாள்? ரஸ்ஸலை ஐந்து பேரில் சேர்க்காத வீட்டில், சென்டராக ஆடும் பிள்ளை எதைச் சொல்லிப் பெருமைப்படுவது?

அவளுக்கு ஜோக்கிச்சை ஏன் பிடிக்கிறது என்று என்றைக்காவது கேட்டீர்களா? 2014 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில், 41வது ஆளாக எடுக்கப்பட்டவர். பெரிதாகக் குதிக்கமாட்டார், வேகமாக ஓடவும் மாட்டார். பந்தை மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே மூன்று எம்விபி வாங்கியவர். சென்டர் என்றால் கூடையில் போடுகிறவர் மட்டும் இல்லை என்று அவள் உங்களிடம் வேறு வழியில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நீங்கள் அதற்குப் பதிலாக எக்ஸெல் ஷீட் போட்டிருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மகளோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற அப்பாவைத் திட்ட எனக்கும் மனசு வரவில்லைதான். அடுத்த ஆட்டத்துக்கு நேரில் போங்கள். பந்தை விட்டுவிட்டு அவளை மட்டும் பாருங்கள். முதலில் சிரமமாக இருக்கும், கண் தன்னால் பந்துக்குப் பின்னால் ஓடும். எதிரணிப் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே வந்து, அவளைப் பார்த்துவிட்டு, எறியாமல் பந்தை வெளியே கொடுத்தார்கள் என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டு வையுங்கள். திரும்பி வரும்போது வண்டியில் ஒன்றும் கேட்க வேண்டாம். நல்ல பசியில் இருப்பாள், வழியில் நிறுத்தி இரண்டு பரோட்டா வாங்கிக் கொடுங்கள்.